இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு மூச்சு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அண்ணன் மூவரும் நலம். லிஃப்டும் நலம், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம், அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் உன் கம்ப்யூட்டரும் உன் வயர் மூட்டைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்கு அம்மா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மெசேஜ் அனுப்பினால் எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார், கிளினிக் போனுக்கு நீ கூப்பிடலாமே தவிர அதிலிருந்து உன் ஊருக்குக் கூப்பிட வழியில்லை, இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள இடமே இல்லை. நல்லவேளையாக எங்கள் பல் டாக்டர் நாளைக்கு ஏதோ மாநாட்டுக்கு உன் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கும், அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் காலில் போட்டுக்கொள். டாக்டர் முன்னால் ரொம்பச் சிரித்துவிடாதே, நீ கடவாய்ப் பல்லைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியதை அவர் இன்னும் மறக்கவில்லை. கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நடுநடுவே ஆட்கள் வருவார்கள், எழுத்து கோணலானால் அது அவர்கள் பொறுப்பு.

அந்தப் பெரிய அரங்கத்தில் அடுத்த மாதம் உன் இசையை வாசிக்கப் போகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவர்களால் எழுந்து ஓட முடியாது என்பது எனக்கு எவ்வளவு வசதி என்று இப்போதுதான் தெரிகிறது. என் பெண் வயலின் மாதிரி வாத்தியங்களையும் கம்ப்யூட்டரில் உண்டாக்குகிற சத்தங்களையும் ஒன்றாகச் சேர்த்து இசை எழுதுகிறாள் என்பேன். சினிமாவுக்கா என்பார்கள். இல்லை என்பேன். அப்புறம் எதுக்கு என்பார்கள். முன்பெல்லாம் இதற்கு எனக்கே பதில் தெரியாமல் மென்று முழுங்குவேன், இப்போது சும்மா உட்கார்ந்து கேக்குறதுக்குத்தாங்க என்று சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ வயலினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாயே, அது முனகுகிற சுருதிக்கு நீயும் ஒரு இழுப்பு இழுப்பாய், நாலாம் மாடி டீச்சர் எங்களிடம் வந்து உங்க லிஃப்ட் ஒண்ணு முனகுறது பத்தாதா, துணைக்கு ஒண்ணு வேணுமா என்று கேட்டுவிட்டுப் போவார். சோப்புத்தூள் விளம்பரத்துக்கு மெட்டுப் போடுகிற அந்த நல்ல வேலையை நீ விட்டுவிட்டு வந்தபோது அப்பா ஒரு வாரம் உம்மென்று இருந்தார். லிஃப்ட் சத்தத்தை நிறுத்துறதுக்கு எனக்கு சம்பளம் குடுக்குறாங்க, சத்தத்தையே உண்டாக்குறதுக்கு இவளுக்கு எவன் குடுப்பான் என்று என்னிடம் கேட்டார். உன்னுடைய முதல் நிகழ்ச்சியின் வீடியோவை அண்ணன் டி.வி.யில் போட்டுக் காட்டினான், அந்தச் சின்ன அறை, மடக்கு நாற்காலிகள், செல்லோ வாசிக்கும் பையன், நீ ஒரு ஓரத்தில் கம்ப்யூட்டரோடு. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு சத்தம் வந்ததும் அப்பா எழுந்து போய் டி.வி.யின் பின்னால் வயரை ஆட்டிப் பார்த்தார். அதுதான் இசை என்று அண்ணன் சொன்னான். அவர் மறுபடி உட்கார்ந்தார், ஆனால் கை மட்டும் கடைசிவரை வயரிலேயே இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது இசையின் நடுவில் நம் கட்டடத்து லிஃப்ட் தரையிலிருந்து நாலாம் மாடி வரை முனகிக்கொண்டே ஏறும், அதற்குப் பதில் சொல்கிற மாதிரி ஆளுயர வயலினை ஓர் அம்மா வாசிப்பார், அதுதான் இதற்கு உயிரே என்று சொன்னாய். அதன் பெயர் டபுள் பேஸ் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அது ஆளுயர வயலின்தான். உன்னிடம் இருந்தது என்றைக்கோ பழைய போனில் பிடித்த சத்தம், பெரிய ஸ்பீக்கரில் போட்டால் மழை கொட்டுகிற மாதிரி இரைகிறது என்று, புதிதாகப் பிடித்து அனுப்பச் சொல்லி அந்தக் குட்டி ரெக்கார்டரை அனுப்பிவைத்தாய். தேதிக்குள் வந்து சேராவிட்டால் உன்னுடையதை எடுத்துவிட்டு வேறு யாருடையதையாவது வாசிக்க வேண்டியிருக்கும் என்று வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார் என்றும் சொன்னாய். எல்லாம் சரிதான், ஆனால் அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் யார் என்பதை நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். இத்தனை வருஷமும் அந்த முனகல் ஆபத்தில்லாத முனகல், கட்டடக்காரர் புதுச் சாமான் வாங்கித் தர மாட்டேன் என்கிறார் என்று அப்பா விட்டுவைத்திருந்தார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் தன் லிஃப்டின் சத்தத்தைப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம்ம லிஃப்ட் அத்தனை பேர் முன்னாடி போய் முனகிக்கிட்டு நிக்கணுமா என்று சொல்லிவிட்டு, லீவு போட்டுவிட்டு இறங்கிவிட்டார். லிஃப்ட் பெட்டி இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுமே, அந்தப் பிடிக்கு ஷூ என்று பேராம், அதைத் தன் கைக்காசில் புதிதாக மாற்றினார், தண்டவாளத்தைத் தேய்த்து எண்ணெய் விட்டார், கதவுக்குக் கூட விட்டார். போட்டோ எடுக்கப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிப் பவுடர் பூசுகிற மாதிரி அவ்வளவு ஆசையாகச் செய்தார், அதனால் எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. பிறகுதான் ரெக்கார்டரோடு உள்ளே போனார்.

அதில் என்ன இருந்தது என்று உனக்குத்தான் தெரியுமே. கதவு மூடுகிறது, அப்புறம் ஒன்றுமில்லை, கதவு திறக்கிறது. அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அதைக் கேட்டுவிட்டு, பட்டு மாதிரி இருக்கு என்று சொல்லி உனக்கு அனுப்பிவைத்தார். நீ ரொம்ப நேரம் கழித்து நல்லா இருக்குப்பா என்று ஒரு வரி போட்டாய், அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம் நீ கிளினிக் போனுக்குக் கூப்பிட்டு அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, நான் வேற ஏதாவது பாத்துக்கிறேன் என்றாய். நீ அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும், அந்த அடக்கமான குரல்தான் என்னை என்னவோ செய்தது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தப்புத் தப்பாக நேரம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சொல்லாதே என்றாய், நான் சாயங்காலமே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட உட்கார்ந்திருந்தார், அவளுக்கு வேணும்னு கேட்டதே அந்த முனகலைத்தான், அதைத் துடைச்சி எடுத்துட்டு அனுப்பியிருக்கீங்க என்றேன். முகத்தில் ஈயாடவில்லை. அப்போ நல்லா இருக்குன்னு எழுதினாளே என்று கேட்டார், நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தேன். மறுநாளே பழைய ஷூவைத் தேடி எடுத்து மாட்டினார். லிஃப்ட் முனகவில்லை. தண்டவாளத்தை அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தார், எண்ணெயைத் துடைத்துப் பார்த்தார், அப்போதும் முனகவில்லை. அண்ணனை உள்ளே நிற்கவைத்துக் குதிக்கச் சொன்னார், அவன் குதித்ததில் அவனுடைய பேன்ட்தான் கிழிந்தது. ஒரு மூலையில் மணல் மூட்டைகளை அடுக்கி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்த்தார், லிஃப்ட் மூட்டைகளோடு சத்தமே இல்லாமல் மேலே போய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. வேலையை ஒழுங்கா செஞ்சுட்டேன், அதான் தப்பாப் போச்சு என்று என்னிடம் சொன்னார். இன்னும் கொஞ்சம் கெடுத்தால் முனகும்தான், ஆனால் ஆட்கள் ஏறுகிற வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று தானே நிறுத்திக்கொண்டு புது ஷூவையே திரும்ப மாட்டிவிட்டார்.

இதற்கு நடுவில் டீச்சர் வேறு. முன்பு லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டி முனகும்போதே வீட்டுக்காரர் வருகிறார் என்று தெரிந்துகொண்டு சீரியலை நிறுத்திவிட்டு, பரீட்சைப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொள்வாராம். இப்போது மனிதர் பூனை மாதிரி வந்து நிற்கிறாராம், டீச்சர் கையும் களவுமாகப் பிடிபடுகிறாராம். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி பழையபடி மாத்தச் சொல்லுங்க என்று என்னிடம் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அப்பா கேட்டுக்கொண்டே வந்தார், இத்தனை வருஷமும் சத்தம் போட்டுதுன்னு திட்டினீங்க, இப்ப போடலைன்னு திட்டுறீங்க, நான் என்ன அதுக்குப் பேசக் கத்துக்கொடுக்கவா முடியும் என்றார். சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, டீச்சர் மேல் கோபம் என்று நினைத்தேன்.

ஒரு நிமிடம், ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், உள்ளே அனுப்பிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். அப்பாவின் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். எந்தக் கட்டடத்திலிருந்தாவது லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று போன் வந்தால், எப்படிப் போடுதுன்னு வாயால பண்ணிக் காட்டுங்க என்பார். பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு கீய்ங் என்றும் கொர்ர் என்றும் போனில் செய்து காட்டுவார்கள். அதை அவர் அப்படியே வாங்கி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் வாயால் திருப்பிச் செய்து காட்டுவார், கடைக்காரர் பேச்சே இல்லாமல் சாமானை எடுத்து வைப்பார். கல்யாணமான புதிதில் அவர் குளியலறையில் இந்தப் பயிற்சி செய்வதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு இழுப்பு இருப்பதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று எங்கள் அம்மாவுக்குக் கண்ணீரோடு போன் செய்தவள் நான். ஒரு பாட்டின் ஒரு வரிகூடத் தாளத்தில் பாடத் தெரியாத மனுஷர், ஆனால் மோட்டார் என்றால் வாய்க்குள்ளேயே ஓட்டிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் காய்கறிப் பையோடு கீழே நிற்கிறேன், லிஃப்ட் வரவில்லை. சரி என்று படி ஏறினேன். மூன்றாம் மாடி தாண்டும்போது நம் பழைய முனகல் கேட்டது, அதே இழுப்பு, அதே நடுக்கம். அப்பாடா, எப்படியோ கெடுத்துவிட்டார், குழந்தை பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டு வேகமாக ஏறினேன். நாலாம் மாடியில் கதவு திறக்கிறது, உள்ளே உன் அப்பா, கையில் ரெக்கார்டர், கண் மூடியிருக்கிறது, வாய் குவிந்திருக்கிறது, முனகல் அங்கிருந்து வருகிறது. என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றது. திட்டு விழப் போகிறது என்று பார்த்தால், ரெக்கார்டர் ஓடுகிறது பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தார். நான் பையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஏறிக்கொண்டேன். முனகலையும் ரெக்கார்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ரெக்கார்டரை என்னிடம் கொடுத்தார், நான் அவர் தாடைக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேரும் கீழே போனோம், மேலே வந்தோம், மறுபடி கீழே போனோம். ஒரு தடவை எனக்குச் சிரிப்பு வந்து கெட்டுப்போனது, ஒரு தடவை டீச்சரின் வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கிக் கெட்டுப்போனது, அவருக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று இன்றுவரை புரியவில்லை, புரியாமலே இருக்கட்டும். கதவு மூடுகிறதும் புறப்படும்போது டக்கென்று ஒரு சத்தம் வருகிறதும் லிஃப்டினுடையது. மற்றது எல்லாம் உன் அப்பா, குட்டி. தரையிலிருந்து நாலாம் மாடி வரை அத்தனையும் அவர் தொண்டை.

அவருக்கு இருந்த ஒரே குறை, ஒரே மூச்சில் முடியவில்லை என்பது. பழைய லிஃப்ட் நிற்காமல் முனகும், இவருக்கு இரண்டாம் மாடி தாண்டினதும் மூச்சு முட்டுகிறது, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அங்கே ஒரு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வயசு இருந்தப்போ அஞ்சு மாடிக்குப் பண்ணியிருப்பேன் என்று சலித்துக்கொண்டார். பழைய சாமானை மாட்டினேன், முனகிடுச்சு என்று எழுதி உனக்கு அனுப்பினார், அவகிட்ட சொன்னா பாரு என்று என்னை மிரட்டியும் வைத்திருக்கிறார். காது விஷயத்தில் நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும், உனக்கே தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாயா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. இதான்பா நான் தேடினது, ஆளுயர வயலின் வாசிக்கிறவங்க கேட்டுட்டு இந்த லிஃப்ட்கூட வாசிக்க நான் தயார்னு சொல்லிட்டாங்க, நிகழ்ச்சியில நம்மது உறுதியாயிடுச்சு என்று நீ எழுதியதைப் படித்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். அதற்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. ரெண்டாம் மாடிக்கு மேல ஒரு காத்துச் சத்தம் விழுந்திருக்கு, அதை மட்டும் கம்ப்யூட்டர்ல துடைச்சு எடுத்துடுறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு, ஆமா, அது அசிங்கமாத்தான் இருக்கு, துடைக்கட்டும் என்றார். சொல்லிவிட்டுப் போய்க் காலியாக இருந்த லிஃப்டைக் கொஞ்ச நேரம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வியாதி, நல்லதாக ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சுத்தம் பண்ணாமல் விடுவதில்லை. அவர் சுத்தம் பண்ணி என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா. நீயும் அதைச் செய்துவிடாதே. இசையைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நான் பல்வலிக்காரர்களுக்கு நேரம் கொடுக்கிறவள், ஆனால் அந்த மூச்சு விழுந்தபோது பக்கத்தில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், அவர் நெஞ்சு ஏறி இறங்கியதைக் கையில் உணர்ந்தவள். இத்தனை வருஷமும் உன் வேலையை அவர் புரிந்துகொள்ளவில்லை என்று உனக்கு ஒரு வருத்தம் உண்டு, நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். இப்போதும் புரிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், உன் கரகரப்புக்கு இன்னும் வயரைத்தான் பார்க்கிறார். ஆனால் உனக்கு ஒரு சத்தம் தேவை, அது உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றதும் தன்னையே அந்தச் சத்தமாக ஆக்கிக் கொடுத்துவிட்டார். அந்த மூச்சு இருக்கட்டும். வாசிக்கிற அம்மாவும் அங்கே ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளட்டும், அவருக்கும் மனுஷத் தொண்டையும் கையும்தானே.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. அண்ணனுக்குப் புது பேன்ட் வாங்கியாயிற்று, கிழிந்ததற்கு உன் இசைதான் காரணம் என்று உன் கணக்கில் எழுதச் சொல்கிறான். நிகழ்ச்சி நேரலையில் வருமாமே, அன்றைக்கு டீச்சர் வீட்டில்தான் பெரிய டி.வி. என்று எல்லோரும் அங்கேதான் உட்காரப் போகிறோம், ஆனால் வயர் பக்கத்தில் அப்பாவை உட்காரவைக்கப் போவதில்லை. நீ ராப்பகலாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு காதைக் கெடுத்துக்கொள்ளாதே. வாத்தியக்காரர்கள் ஏதாவது குறை சொன்னால் சட்டென்று எரிந்து விழாதே, அப்பாவைப் போல முதலில் எப்படி வருதுன்னு பண்ணிக் காட்டுங்க என்று கேள், பாதிக் கோபம் அங்கேயே போய்விடும். நிகழ்ச்சிக்கு அந்த நீலச் சட்டையையே போடு, கறுப்பு வேண்டாம், நீ மேடையில் நிற்பது எங்களுக்குத் தெரியவேண்டும். டாக்டரிடம் கடவாய்ப் பல்லைக் காட்டிவிடு, அவர் கேட்காமல் விடமாட்டார்.

நீ தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், உன் காதும் கையும் மனசும் என்றைக்கும் சுகமாக இருக்கட்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம், அப்பாவுக்கு வாழ்த்துவது தெரியும், கடிதம் எழுதுவது மட்டும் தெரியாது. நிகழ்ச்சி அட்டையில் அச்சடிக்கும்போது லிஃப்ட் என்றே போட்டுவிடு, அவர் பெயரைப் போட்டால் வேலைக்குப் போன இடமெல்லாம் கேலி பண்ணுவார்கள் என்று கூசிப்போவார், நான் சொன்னேன் என்பதும் தெரிந்துவிடும். வாசித்து முடித்துக் கைதட்டும்போது வாத்தியக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்வீர்களே, அதை மட்டும் மறக்காமல் செய். அந்த நேரத்தில் இங்கே டீச்சர் வீட்டில் ஒருவரை நான் எழுந்து நிற்கவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரெக்கார்டர் பிடித்த
உன் அம்மா